சீட்டிழந்த கற்கள்

சென்னைப் பட்டினத்துப் பொதுமக்கள் எழும்பூரிலுள்ள அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கிய காலம் ஒன்று உண்டு. கல்லூரியிற் பயில்வோராகிய எமக்கு இப்பெயர்களைக் கேட்டவுடன் நகை தோன்றுதல் இயல்பே. எனினும், இறந்துபட்ட பொருள்களும் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து பாடஞ் சொல்லக்கூடும் என்பதை உணர்ந்தே அப்பெயரை இட்டனர் போலும். அந்தக் காலேஜில் மாணாக்கர் மிகுதியாகச் சென்று அமராத வகுப்பு ஒன்று உளது, அது கற்பகுதி. பாறைகளும் கனிமங்களும் புதைபடிவங்களும் அடங்கிய அப்பகுதிக்கு யாம் சென்ற காரணத்தையும், ஆங்குக் கண்டு தெளிந்தவற்றையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

காரணம் ஒரு பெட்டி. எம் கல்லூரி இரசாயன ஆய்வுசாலையின் பின்னறையைச் சென்ற விடுமுறையில் வெள்ளையடிப்பதற்காக ஒழித்தபோது, அலமாரியின் அடியிலிருந்து தேக்குமரப் பெட்டி ஒன்று வெளிப்பட்டது. உள்ளே 17 கற்கள் கிடந்தன. ஒவ்வொன்றன் அடியிலும் ஒரு காலத்தில் தாட்சீட்டு இருந்திருத்தல் வேண்டும். யாம் கண்டது செல்லரித்த தூள் மட்டுமே. "இவற்றைப் பூந்தொட்டிகளைச் சுற்றி வரம்பாக அடுக்கிவிடலாமே" என்றார் நண்பர் ஒருவர். அவர் கூறியதில் தவறொன்றுமில்லை. பெயரும் ஊரும் அறியப்படாத கல்லுக்கு அதனினும் உயர்ந்த பணி கிடைத்தல் அரிது. ஆயினும் அவற்றுள் ஆட்டுக்கொம்புபோற் சுருண்டிருந்த கல்லொன்றின் புறத்தே வெள்ளை வண்ணத்தால் '23' என்னும் எண் சிறிதாகத் தீட்டப்பட்டிருந்தது. எண் உண்டெனில் எண்ணுக்குரிய ஏடும் இருந்திருக்கும். 17 கற்களுள் 23 என்னும் எண் இருப்பின், காணாமற் போன கற்களும் சில இருந்திருக்கும். மூன்று நாள் நூல்நிலையத்தின் பரணைத் துழாவினோம். ஏடு அகப்படவில்லை. எம் ஆசிரியர், "எழும்பூருக்கு எடுத்துச் செல்வோம், கல்லைப் பார்த்தே இனஞ்சொல்ல வல்லார் ஆங்கு உளர்" என்றார். ஏழு கற்களைத் தெரிந்தெடுத்துப் பழந்துணியிற் சுற்றிக்கொண்டு, ஆசிரியரும் மாணவர் நால்வருமாகப் புகைவண்டி ஏறினோம். பையின் கனத்தை மாற்றி மாற்றிச் சுமந்த தோள்களுக்கே கல்லின் முதற்பாடம் தெரியும்.

எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு வருவோர் பெரும்பாலும் செப்புத்திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் நாடியே செல்கின்றனர். நடராசர் திருமேனியைக் காணாது மீளுவோர் இலர். கற்பகுதியைக் கண்டு மீளுவோர் சிலரே. ஆனால் இச்சாலையின் வரலாற்றை நோக்கின், மூத்த பிள்ளை கல்லே ஆகும். சென்னை இலக்கியச் சங்கத்தார் சேர்த்து வைத்திருந்த ஏறக்குறைய 1100 கல் மாதிரிகளைக் கொண்டே 1851-ஆம் ஆண்டில், மருத்துவர் எட்வர்டு பால்பர் என்பாரின் பொறுப்பில், நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக் கட்டடத்தின் மேன்மாடியில் இது தொடங்கப்பெற்றது. பின்னர் 1854-இல் எழும்பூரில் 'பாந்தியன்' என வழங்கிய மாளிகைக்குப் பெயர்ந்தது. விருந்தும் நடனமும் நிகழ்ந்த மண்டபத்தில் கற்களைக் கொண்டுவந்து நிறுத்தினர். சிற்பங்களும் நாணயங்களும் செப்பேடுகளும் பின்னரே வந்து குடியேறின. அமராவதிச் சிற்பங்களைப் பலரும் சலவைக்கல் என்று சொல்லிப் பழகியுள்ளனர். அவை பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லே என்பது நிலநூலார் முடிபு. கலையறிஞர் கூடத்திலும் நிலநூலாருக்கு ஒரு சொல் உண்டென்பதைச் சொல்லவே இதனைக் குறித்தோம்.

கற்பகுதியிற் புகுந்தவுடன் எமக்குத் தோன்றியது களைப்பே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கண்ணாடிப் பேழைகளில் வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றன் கீழும் ஒரு பெயர், ஓர் ஊர். வாயில் நுழையாத பெயர்கள் பல. அரைநாழிகையில் எல்லாக் கல்லும் ஒரே கல்லாய்த் தோன்றின. அப்போது அப்பகுதியின் அலுவலர் ஒருவர் எம் துணிமூட்டையைக் கண்டு அருகில் வந்து, வந்த காரியத்தை வினவினார். கேட்டறிந்தபின் அவர் முதலிற் கூறியது இது: "கனிமம் வேறு, பாறை வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள். எழுத்துக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடுதான்."

இவ்வுவமை எமக்கு மிகவும் பயன்பட்டது. கனிமம் என்பது குறித்த இரசாயன அமைப்பும், பெரும்பாலும் குறித்த படிக வடிவமும் உடைய ஒரு தனிப்பொருள். குவார்ட்சு என்னும் படிகக்கல் ஒரு கனிமம்; பெல்ஸ்பார் ஒன்று; காக்காய்ப்பொன் என்று சிற்றூர்ச் சிறுவரும் அறிந்த மைக்கா ஒன்று. இம்மூன்றும் ஒருங்கு கூடி உறைந்து கிடப்பின் அது கிரானைட்டு என்னும் பாறை. ஒரே எழுத்துகள் வெவ்வேறு முறையில் அமைந்து வெவ்வேறு சொல்லாவதுபோல, ஒரு சில கனிமங்களே அளவும் சேர்க்கையும் வேறுபட்டுப் பற்பல பாறைகளாகின்றன.

எழுத்தை அறிவது எங்ஙனம்? நிறத்தை நம்புதல் கூடாது. ஒரே கனிமம் பல நிறத்தில் வரும். கடினமே நல்ல சான்று. 1812-ஆம் ஆண்டில் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஒன்றையொன்று கீறும் ஆற்றலைக் கொண்டு பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். முதற்படியில் நிற்பது டால்க். நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைக்கும் கற்சட்டி இக்கனிமம் மிகுந்த மாக்கல்லாற் கடையப்பட்டதே. மூன்றாம் படியிலுள்ள கால்சைட்டை நகம் கீறாது, செப்புக்காசு அரிதிற் கீறும்; ஏழாம் படியிலுள்ள குவார்ட்சு பேனாக்கத்தியையே கீறிவிடும். பத்தாம் படியில் வயிரம். அதற்கு முந்திய ஒன்பதாம் படியில் நிற்கும் கனிமத்தின் பெயர் எம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஆங்கிலத்திற் 'கொரண்டம்' எனப்படும் அது, நம் 'குருந்தம்' என்னும் தமிழ்ச்சொல்லே கடல்கடந்து திரிந்த வடிவமாம். சாணைபிடிப்போர் கையாண்ட கல் அது. சேலத்தைச் சூழ்ந்த நிலப்பகுதிகளில் தொன்றுதொட்டுக் கிடைப்பது. செந்நிறமாயின் மாணிக்கம், நீலநிறமாயின் நீலம். அடிப்படையில் இரண்டும் ஒரே குருந்தமே.

எம் மூட்டையிலிருந்த வெண்ணிறக் கட்டியொன்று சேலத்து மாக்னசைட்டு என்று தெளியப்பட்டது. சேலத்தார் 'வெள்ளைக்கல்' என்பது இதனையே. உருக்காலை உலைகளின் உட்புறத்திற்கு வேண்டும் தீத்தாங்கு செங்கல் இதனாற் செய்யப்படுகிறது. இதில் ஐயமொன்றும் எழாமையின் விரைந்து கடந்தோம்.

அடுத்து எடுத்தது கரிய கல். எண்ணெய் தடவினாற்போல் மினுக்கமும், உள்ளே நீலம் பாரித்த படிகமும் உடையது. எம் கல்லூரிப் படிக்கட்டும் இதே கல்லாதலின், இதனை யாரோ வேடிக்கையாகப் பெட்டியில் இட்டனர் என்றே எண்ணியிருந்தோம். அலுவலர் எம்மைப் பேழையொன்றன் முன் நிறுத்தினார். ஆங்கும் அதே கரிய கல். கீழே 'சார்னோக்கைட்டு, பல்லாவரம்' என்று கண்டிருந்தது.

இப்பெயரின் கதை கேட்கத்தக்கது. கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனியாரின் குடியேற்றத்தை 1690-இல் நிறுவிய ஜோப் சார்னோக் என்பார் 1693-இன் தொடக்கத்தில் இறந்தார். அவர் கல்லறைமேற் பதித்த பலகை கரியதோர் கல். வங்காளத்து வண்டல் நிலத்தில் அத்தகைய பாறை யாண்டும் இல்லை. இருநூறு ஆண்டு கழித்து, இந்திய நிலநூல் ஆராய்ச்சித் துறையைச் சார்ந்த தாமஸ் ஹாலண்டு என்பார் அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையே எனத் தெளிந்தார். அதுகாறும் தனிப்பெயர் பெறாதிருந்த அப்பாறைக்கு, அவ்விறந்தாரின் பெயரையே 1893-இல் இட்டார். குவார்ட்சும் பெல்ஸ்பாரும் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் கலந்த இப்பாறையே நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் பரந்து கிடக்கிறது. நிலவுலகின் மேலோட்டில் 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தே, மிக்க வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலிருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்தொழிந்தமையால் வெளிப்பட்டது. சென்னைப் பக்கத்துச் சார்னோக்கைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. உலகின் பல கண்டங்களிலும் இத்தகைய பாறை காணப்படும் இடமெல்லாம் நிலநூலார் இப்பெயரையே வழங்குகின்றனர். அவர் நாவில் ஒவ்வொரு முறையும் பல்லாவரத்துக் கல்லுடைப்பாளரின் உளியோசை கேட்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. ஹாலண்டு அங்ஙனம் துணிந்து கூறியது எவ்வாறு? இன்ன பாறை இன்ன ஊரினது என்று அறிந்து வைத்திருந்த மாதிரிகளோடு ஒப்பிட்டமையாலன்றோ? பல்லாவரத்துக் கல்லின் ஊர் தெரிந்திருந்தமையால் கல்லறைக் கல்லின் ஊர் தெரிந்தது. சீட்டுள்ள ஒரு கல் சீட்டற்ற மற்றொரு கல்லுக்குப் பிறந்தகம் காட்டிற்று. எம் பெட்டியின் குறை இன்னதென்பது அப்போதுதான் எமக்கு ஒருவாறு விளங்கத் தொடங்கியது.

மூன்றாவது, மரத்துண்டு. கண்ணாற் கண்டால் மரம். பட்டைக்கோடும் நாரும் தெளிவாயிருந்தன. கையில் எடுத்தால் கல். மரம் கல்லாவது எங்ஙனம் எனின், வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட அடிமரம் மணலுக்குள் விரைந்து புதைந்து, காற்றுப் படாமையின் மக்காது கிடக்கும். சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் அதன் நுண்ணறைகளுள் ஊறி, அறையறையாக நிரப்பி உறையும். மரத்தின் பொருள் பெரும்பாலும் போய்விடும். அதன் கட்டமைப்பு நிற்கும். மெல்லிய சீவலாக அறுத்துப் பூதக்கண்ணாடியில் நோக்குவோர் அம்மரத்தின் குடும்பத்தையே கூறவல்லர். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இத்தகைய கல்மரங்கள் நூற்றுக்கணக்கிற் கிடக்கின்றன. வயது 2 கோடி ஆண்டளவினது என்பர். பிரெஞ்சு நாட்டுச் சொன்னரா என்பார் 18-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைக் குறித்துள்ளார். அவ்வூர் மக்கள் இவற்றை இறைவன் கையில் மாண்ட அசுரனின் எலும்புகள் என்று கூறுவர். நகையாடற்க; கல்லாகிய இவை ஒரு காலத்தில் உயிருடையனவாயிருந்தன என்பதை அவர் நன்கே கண்டுள்ளனர். அவற்றுக்குக் கிளையோ இலையோ வேரோ இல்லாமை கண்டு, அவை அங்கேயே வளர்ந்தவையல்ல, ஆற்றுவெள்ளம் உருட்டிக் கொணர்ந்தவை என்று நிலநூலார் துணிந்தனர். பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கடற்படிவுகளுக்கிடையே கிடக்கிறது. அதனை 1940-இல் அறிவித்தவர் தஞ்சைத் தரணியிற் பிறந்து, பிற்காலத்தில் இந்திய நிலநூல் ஆராய்ச்சித் துறைக்கு இந்தியருள் முதல் தலைவராக விளங்கிய எம். எஸ். கிருஷ்ணன். இவ்விரண்டிடங்களும் இன்று அரசாங்கக் காப்பில் உள்ளன. ஒரு சில்லும் எடுத்தல் ஆகாது.

எம் மரத்துண்டு திருவக்கரையினதா, சாத்தனூரினதா, வேறிடத்ததா? அலுவலர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மரம் என்று சொல்லலாம். அறுத்துப் பார்த்தால் இனமும் சொல்லலாம். ஊர் சொல்ல இயலாது" என்று துணியிற் சுற்றி எம்மிடமே தந்தார்.

இனி 23-ஆம் எண்ணுக்கு வருவோம். சுருண்ட அக்கல்லைக் கண்டதும் அலுவலர் முகம் மலர்ந்தது. அஃது அம்மோனைட்டு. கணவாய் மீனினத்திற்கு உறவாகி, சுருண்ட ஓட்டினுள் வாழ்ந்த ஒரு கடலுயிரி. வளர வளரப் பழைய அறையை அடைத்துப் புதிய அறை கட்டிக்கொண்டு, எப்போதும் வெளியறையிலேயே வாழ்வது. அடைத்த அறைகளில் வளி நிரம்பியிருத்தலால் நீரில் மிதக்கும். அறைத்தடுப்பு ஓட்டோடு பொருந்தும் இடத்து வரிகள் இலைநரம்புபோல் நெளிந்து நெளிந்து அழகு செய்யும். அந்நெளிவே இனந்தோறும் வேறுபடுவது. ஆகவே கைரேகைபோல் அதனைக் கொண்டு இனம் அறிவர். இவ்வுயிரியை நம் நாட்டார் அறியாதவரல்லர். நேபாளத்துக் கண்டகி ஆற்றிற் கிடைத்து, வைணவர் இல்லங்களிற் போற்றி வழிபடப்பெறும் சாளக்கிராமத்துள்ளே காணும் சக்கரம் பெரும்பாலும் அம்மோனைட்டின் சுருளே. இமயம் ஒரு காலத்தில் கடலடியாயிருந்தது என்பதற்கு அது நேர்ச்சான்று.

எம்முடையது இமயத்ததன்று, நம் நாட்டுக் கடலினது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் என்பதைக் கேட்டோர் பலர்; எண்ணிப் பார்த்தோர் சிலர். ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கி 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை, கடல் அந்நிலத்தின்மேல் ஏறியும் இறங்கியும் நின்று களிமண்ணும் மணலும் சுண்ணாம்பும் படிவித்தது. 1840-களிற் சேர்த்தனுப்பிய சிப்பிகளால் அயல்நாட்டு அறிஞர் முதலில் இதனை உணர்ந்தனர். ஹென்றி பிளான்போர்டு என்பார் அந்நிலத்தைக் காலால் அளந்து, 1862-இல் அடுக்குகளை மூன்றாக வகுத்தார்: அடியில் ஊட்டத்தூர்ப் படிவு, அதன்மேல் திருச்சிராப்பள்ளிப் படிவு, எல்லாவற்றுக்கும் மேல் அரியலூர்ப் படிவு. ஸ்டொலிச்கா என்பார் அவற்றின் அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் ஒவ்வொன்றாக வரைந்து விளக்கிப் பெருநூல்கள் எழுதினார். உலகின் எப்பகுதியில் அக்காலத்துக் கடற்படிவு அகப்படினும் இந்நூல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை மெருகிட்டு மேசைப்பலகையும் தாட்கனமும் செய்து 'திருச்சினாப்பள்ளிச் சலவைக்கல்' என்று விற்ற காலமும் இருந்தது.

"இதனை அரியலூர்ப் பக்கத்தது என்று எழுதிவிடலாமா?" என்று எம்முள் ஒருவர் கேட்டார். அலுவலர் உடனே விடை கூறாது, கல்லைக் கவிழ்த்து, சுருளின் உட்குழிவில் ஒட்டியிருந்த மண்ணை லென்ஸ் வைத்து நோக்கினார். மஞ்சள் கலந்த களிமண். அதனுள் ஊசிபோல் மின்னும் துணுக்கு ஒன்று. ஜிப்சம் என்றார். காரை என்னும் ஊரையடுத்த ஊட்டத்தூர்ப் படிவின் களிமண்ணில், மழையரித்த செம்மஞ்சள் மேடுகளின்மேல், ஜிப்சப் படிகங்கள் வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல் மின்னிக் கிடக்குமாம். ஆகவே இக்கல் காரைப் பக்கத்ததாயிருக்கலாம். இருக்கலாம் என்பதே முடிபு. அதற்குமேல் ஒரு சொல்லும் அவர் சொல்ல மறுத்துவிட்டார்.

எமக்குச் சிறிது ஏமாற்றமே. பெயர் தெரிந்தது, ஊரும் ஒருவாறு தெரிந்தது. இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்தோம். எம் எண்ணத்தை முகத்திற் கண்டு அவர் விளக்கினார். அம்மோனைட்டின் இனங்கள் விரைவில் தோன்றி விரைவில் மாறுவன. ஓர் ஓடைக்கரையில் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறுங்கால், ஒரு முழத்தில் கண்ட இனம் பத்து முழத்தின்மேல் இராது, வேறினம் வந்திருக்கும். எந்த ஓடை, அடியிலிருந்து எத்தனையாவது படுகை என்று குறித்த கல், அப்படுகையின் காலத்தைச் சொல்லும் கடிகாரம். அக்குறிப்பு இல்லாத கல், முள் கழன்ற கடிகாரம். சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், மணி பார்க்க இயலாது.

இதற்கு அவர் இச்சாலையைச் சார்ந்த ஓர் எடுத்துக்காட்டே தந்தார். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலநூல் ஆராய்ச்சித் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் பல்லாவரத்தில் செம்புரைக்கல் தோண்டிய குழியொன்றில் கோடரி வடிவான கல்லொன்றைக் கண்டெடுத்தார். ஆயிரம் பேர் அதன்மேல் மிதித்துச் சென்றிருப்பர். அவரோ அது பழங்கற்கால மக்கள் கையாற் செதுக்கிய கருவி எனத் தெளிந்ததோடு, எவ்விடத்தில், எவ்வகை மண்ணில் என்பதனையும் குறித்தார். அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங் என்பாரும் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளைக் கண்டனர். பிற்காலத்தில் அவர் சேர்த்த தொகுதி முழுவதையும் 1904-இல் இச்சாலைக்கென விலைகொண்டனர். ஒவ்வொரு கல்லுக்கும் ஊர்ப்பெயரோடு கூடிய அட்டவணை 1914-இல் அச்சேறியது. அவர் இடங்குறித்து வைத்தமையால் ஒரு நூற்றாண்டு கடந்தும் ஆராய்ச்சியாளர் அதே அத்திரம்பாக்கத்துக்குச் சென்று, முறையாக அகழ்ந்து, அக்கருவிகள் குறைந்தது 15 இலட்சம் ஆண்டு பழமையுடையன என்று 2011-இல் வெளியிட முடிந்தது. பூட் அக்கற்களை வெறும் விந்தைப் பொருளாகப் பெட்டியில் இட்டிருந்தால், தென்னாட்டு மாந்தரின் தொன்மையும் அப்பெட்டியுள்ளேயே செல்லரித்திருக்கும்.

இதற்கு மாறான கதையொன்றும் அரியலூர் மாவட்டத்திலேயே உண்டு. கல்லமேடு என்னும் இடத்தில், 1980-களில், யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் மிகப்பெரியதோர் விலங்கின் எலும்புகள் என ஒரு தொகுதியை விவரித்து, 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். பேருடலுடைய பல்லி என்பது பொருள். 'பெருங்காயப் பல்லி' எனத் தமிழாக்கின் அடுக்களை நினைவே வரும், ஆதலின் அதனை விடுத்தோம். கீழ்க்கால் எலும்பு ஒன்றன் நீளமே 2 மீட்டர் என்றனர். முதலில் அதனை ஊனுண்ணி என்றெண்ணினர். பின்னர் அறிஞர் நீள்கழுத்துத் தாவரவுண்ணி என மாற்றினர். நிலத்தில் நடந்த விலங்குகளுள் மிகப் பெரியதாகவும் இருக்கலாம் என்றார் சிலர். எலும்பே அன்று, கல்மரமோ என ஐயுற்றாரும் உளர். தீர்த்துவைப்பது எளிது, கல்லை எடுத்துப் பார்த்தாற் போதும். அதுவே இயலவில்லை. ஈரமும் மழையும் மிக்க அந்நிலத்தில் எலும்புகள் நொறுங்கிச் சிதைந்துபோயின என்று 2017-இல் தெரிவிக்கப்பட்டது. எஞ்சியவை சில வரைபடங்களும் படங்களுமே. இங்கே சீட்டு இருக்கிறது, கல் இல்லை. எம் பெட்டியிலோ கல் இருக்கிறது, சீட்டு இல்லை. இரண்டில் எது மிக்க இழப்பு என்று திரும்பி வரும்போது வண்டியில் நெடுநேரம் வழக்காடினோம். ஒருவர் கல்லுக்கும் மூவர் சீட்டுக்கும் நின்றனர், ஆசிரியர் உறங்கிவிட்டார்.

அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்படுதலை யாவரும் அறிவர். அகழ்தலால் புதைபடிவங்கள் வெளிப்படுவதும் உண்மை. வெளிப்பட்டவை அரைவை ஆலைக்குள் சென்று மறைவதும் உண்மை. சிமெண்டு வேண்டா என்று கூற யாம் துணியோம். எம் விடுதியின் புதுக்கட்டடமும் சிமெண்டாலாயதே. அரைக்கப்படுமுன் ஒருவர் நின்று நோக்கி, எண்ணிட்டு, எழுதி எடுத்தால் தொழிலுக்கு வரும் கேடு யாதென்பதே எம் வினா. அரியலூரையடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே காட்சியகம் ஒன்று அமைந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. எம் கல்லூரியினின்று அடுத்த பயணம் ஆங்கே என்று எண்ணியுள்ளோம்.

பூந்தொட்டி வரம்பு என்னும் பேச்சு ஒழிந்தது. கற்கள் 17-ம் கழுவப்படாமல், ஒட்டிய மண்ணோடு, தனித்தனிப் பஞ்சணையில் வைக்கப்பட்டுள்ளன. கழுவலாகாது என்பது அலுவலரின் கண்டிப்பான கட்டளை. 23-ஆம் எண்ணின் களிமண்ணே அதன் எஞ்சிய ஒரே சாட்சி. புதிய ஏடு ஒன்று தைத்து, பழைய எண்ணை மாற்றாமல் எழுதியுள்ளோம். பலவற்றுக்குப் பெயர் நிரம்பியது. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. 23-ஆம் எண்ணுக்கு நேரே, 'அம்மோனைட்டு; காரைப் பக்கத்ததாகலாம்; சேர்த்தவர் அறியப்படவில்லை; இடம் அறியப்படவில்லை' என்று மையால் எழுதினோம். அறியாததை அறியவில்லை என்றே எழுதுக, இடத்தை வெறுமையாக விடற்க, பின்வருவோர் யாரும் ஊகித்து நிரப்பிவிடுவர் என்பதும் அவர் சொன்னதே.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் காலத்தில் இக்கல்லூரியிலிருந்து திருச்சிராப்பள்ளி, அரியலூர், விழுப்புரம் பக்கம் கல் சேர்க்கச் சென்றவர் யாரேனும் உளரா? எந்த ஆசிரியர் அழைத்துச் சென்றார், எந்த ஊரில் இறங்கினீர்கள், எந்த ஓடைக்குள் நடந்தீர்கள்? கல்லின் பெயர் நினைவில்லையேனும் கேடில்லை. உணவு உண்ட மரத்தடியும், தண்ணீர் தந்த வீட்டின் திசையும் நினைவிருந்தாற் போதும். கல்லூரி முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக. 23 என்று வெள்ளை வண்ணத்தால் எழுதிய கை யாருடையதென்று அறிந்தவர் இருப்பின், அவர்க்கு ஏட்டில் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறோம்.